இணையச் சேவைக்கும் மீட்டர் உண்டு



பழைய இணையச் சேவை ஒன்றை மூடிவிடலாமா? கணினிப் பிரிவு உள்ள நிறுவனங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. வழங்கியில், அதாவது சர்வரில், அந்தச் சேவை இடத்தை அடைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. யாராவது பயன்படுத்துகிறார்களா என்று எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். பூஜ்யம். சரி, மூடிவிடுவோம் என்று முடிவாகிறது. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள் அதே சேவையைத் தேடி வருகிறது, சேவை இல்லை. ஊழியர்களுக்குச் சம்பளம் தாமதமாகிறது. பிறகுதான் ஒருவருக்கு ஞாபகம் வருகிறது: எண்ணிக்கையைப் பார்த்ததற்கு முதல் நாள் சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தார்கள். அவர்கள் பார்த்த பூஜ்யம் ஒரே ஒரு நாளின் கணக்கு.

இணையச் சேவை என்பது ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் வேலை கேட்கும் வழி. கடையின் மென்பொருள் வங்கியின் மென்பொருளிடம் "இந்த அட்டை செல்லுமா?" என்று கேட்கிறது அல்லவா, அது போல. இத்தகைய சேவைகளில் பல ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட மொழி அது; 2010 முதல் ஆரக்கிள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா மென்பொருளின் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் உண்டு. அதன் பெயர் ஜேஎம்எக்ஸ். 2004இல் வந்த ஜாவா 5 முதல் அது ஜாவாவுடனேயே சேர்ந்து வருகிறது. அந்த ஜன்னலில் அடுக்கி வைத்திருக்கும் மீட்டர்களுக்கு எம்பீன் என்று பெயர். ஜாவா காப்பியின் பெயர் என்பதால் அதன் உறுப்புகளுக்கும் கொட்டையின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

ஜேபாஸ் சர்வரை எடுத்துக்கொள்வோம். பிற்காலத்தில் அதற்கு வைல்ட்ஃபிளை என்று பெயர் மாறியது. அதில் ஒவ்வொரு சேவைக்கும் எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை தவறில் முடிந்தன, மொத்தம் எவ்வளவு நேரம் பிடித்தது, மிக அதிகமாகவும் மிகக் குறைவாகவும் எவ்வளவு என்று மீட்டர் இருக்கிறது. ஆனால் வைல்ட்ஃபிளையில் இந்தக் கணக்கெடுப்பு இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். நிர்வாகிதான் அதை முடுக்கிவிட வேண்டும். முடுக்காத மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். ஏமாறுவதற்கு இது இரண்டாவது வழி.

மீட்டரைத் திரையில் பார்க்க ஜேகான்சோல் என்ற கருவி உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் உட்கார்ந்து பார்ப்பது? அதனால்தான் நிரலாளர்கள் அந்த வேலையை ஒரு சிறு நிரலிடம் ஒப்படைக்கிறார்கள். நிரல் சர்வரின் முகவரிக்குச் சென்று இணைகிறது. எம்பீனின் பெயரைச் சொல்லி, வேண்டிய அளவைக் கேட்கிறது. முழுப் பெயர் தெரியாவிட்டாலும் முன்பகுதியோடு நட்சத்திரக் குறி போட்டால் பொருந்துவதெல்லாம் வந்துவிடும். சில வரிகளில் முடிகிற வேலை. கணக்குப் போடுவதில்தான் கவனம் வேண்டும்.

வீட்டு மின்சார மீட்டரில் இந்த மாத அளவிலிருந்து போன மாத அளவைக் கழிக்கிறோம். இங்கேயும் அதே கழித்தல்தான். ஆனால் இந்த மீட்டர் சர்வரை நிறுத்தினால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். சேவையின் புதிய பதிப்பை ஏற்றினாலும் அப்படித்தான். புதிய எண் பழையதைவிடக் குறைந்திருந்தால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று நிரல் புரிந்துகொள்ள வேண்டும். குறையாமலும் ஏமாற்றலாம்: 300இல் இருந்த மீட்டர் பூஜ்யமாகி, அடுத்த முறை பார்ப்பதற்குள் 500ஐத் தொட்டுவிட்டால்? அதனால் எண்ணோடு ஜாவா எப்போது இயங்கத் தொடங்கியது என்ற நேரத்தையும் கேட்டுக் குறித்து வைப்பார்கள். புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தரம் படித்து வைப்பதும் நல்லது.

சராசரியில் இன்னொரு சிக்கல். ஒரே சேவை இரண்டு சர்வரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சர்வரில் 900 கோரிக்கைகள், சராசரி 100 மில்லி விநாடி. இரண்டாவதில் 100 கோரிக்கைகள், சராசரி 1000. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 550 வரும். அது தப்பு. மொத்த நேரத்தை மொத்தக் கோரிக்கைகளால் வகுத்தால் 190தான். நிரல் மொத்தங்களைத்தான் வாங்கி வர வேண்டும், சராசரிகளை அல்ல.

ஜன்னலைத் திறந்து வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. சோதனைக்காகக் கடவுச்சொல் இல்லாமல் திறந்த ஜேஎம்எக்ஸ் வாயிலை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. அதன் வழியே வருபவர் எண்களைப் படிப்பதோடு நிற்க மாட்டார். தம் சொந்த நிரலையே அங்கே ஓட்டிவிடலாம். கடவுச்சொல், மறையாக்கம், உள் கட்டமைப்புக்குள் மட்டும் அனுமதி, இவை மூன்றும் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது.

இப்போது புரோமித்தியஸ் போன்ற கருவிகள் இந்த எண்களைத் தாமே திரட்டி, மீட்டர் பூஜ்யமாவதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அணைத்து வைத்த மீட்டரை அவையும் முடுக்கிவிடுவதில்லை. எத்தனை முறை அழைத்தார்கள் என்பதைத்தான் மீட்டர் சொல்லும். அழைத்தது யார் என்று சொல்லாது. அதற்குச் சர்வரின் வருகைப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். சம்பளப் பட்டியல் போடும் அந்த மென்பொருளின் முகவரி, மாதத்துக்கு ஒரே ஒரு வரியாக, அங்கேதான் இருந்திருக்கும்.