உள்அட்டையில் ஒரு சிறு சீட்டு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் புத்தகம் கையில் கிடைத்ததும் முதலில் உள்அட்டையைத்தான் திறந்து பார்ப்போம். கல்லூரிச் சின்னமும் அதன்கீழ் எங்கள் பெயரும் உள்ள சீட்டு அங்கே ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டின் மூத்த உறவொன்றைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

புத்தகம் யாருக்குரியது என்று காட்ட ஒட்டப்படும் அச்சிட்ட சீட்டை நூலுரிமைச் சீட்டு எனலாம். எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று ஜேர்மனியில் 1480 அளவில் அச்சானது. கேடயம் ஏந்திய தேவதூதரின் உருவம் அதில் உண்டு. ஹில்டபிராண்ட் பிராண்டன்பேர்க் என்பவர் புக்ஸ்ஹைம் மடாலயத்துக்குக் கொடுத்த புத்தகங்களில் அது ஒட்டப்பட்டிருந்தது. கொடுத்தவரின் பெயர் ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் நிற்பது அந்தச் சீட்டினால்தான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இவற்றைச் சேகரிப்பது பலரின் பொழுதுபோக்காயிற்று. கவிஞர் ஜோன் லெஸ்டர் வாரன் 1880இல் இதற்கொரு வழிகாட்டி நூல் எழுதினார். 1891இல் இலண்டனில் ஒரு சங்கமும் தோன்றியது. சேகரிப்போர் தமக்குள் மாற்றிக்கொண்டார்கள், வணிகரிடம் வாங்கினார்கள், பழைய புத்தகங்களிலிருந்து உரித்தும் எடுத்தார்கள்.

அவர்களுள் ஒருவர் சேர் ஒகஸ்டஸ் வொலஸ்டன் பிராங்ஸ். பிரித்தானிய நூதனசாலையில் ஒரு பகுதியின் பொறுப்பாளராக 30 ஆண்டுகள் கடமையாற்றியவர். 1897இல் அவர் காலமானபோது தமது சீட்டுகளை நூதனசாலைக்கே விட்டுச்சென்றார். அவற்றுள் பிரித்தானிய, அமெரிக்கச் சீட்டுகளின் பட்டியல் மாத்திரம் 1903, 1904ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பதிவுகள் ஏறத்தாழ 35,000. ஒரு பெயரையோ குடும்பச் சின்னத்தையோ தேடுபவருக்கு இன்றும் அது உதவுகிறது. ஒருவருடைய ஆசை எல்லோருக்கும் பயன்படும் செல்வமானது அந்தப் பட்டியலால்தான்.

ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உரித்தெடுத்த சீட்டு, தான் யாருடையது என்று சொல்லும். எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று சொல்லாது. அந்தப் புத்தகத்துக்கும் தன்னை வைத்திருந்தவர் யாரென்ற சாட்சி இல்லாமற் போய்விடும்.

இது எங்களுக்கும் பொருந்தும். இடம்பெயர்ந்த காலங்களில் எத்தனையோ பேர் புத்தக அலுமாரிகளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். தப்பிய பரிசுப் புத்தகம் ஒன்று மட்டக்களப்பிலோ ரொறொன்ரோவிலோ உங்கள் வீட்டில் இருக்கலாம். தயவுசெய்து அந்தச் சீட்டை உரிக்க வேண்டாம். புத்தகத்தின் பெயர், சீட்டில் உள்ள ஆண்டு, எந்தப் பாடத்துக்குக் கிடைத்த பரிசு என்பவற்றைக் குறித்து, ஒரு படமும் எடுத்து எங்கள் சங்கத்துக்கு அனுப்புங்கள். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும்; பட்டியல் கல்லூரியில் இருக்கட்டும்.

பிள்ளைகளிடமும் ஒரு சொல் சொல்லிவையுங்கள்: அம்மம்மாவின் பழைய புத்தகங்களை ஒதுக்குமுன் உள்அட்டையை ஒருதரம் திறந்து பார்க்கட்டும்.