பற்று வேர் வரை பிடிக்கட்டும்

1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வெல்டிங் பட்டறைகள் ஏராளம். கேட், பால்கனிக் கம்பி செய்யக் கொடுப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

வெல்டிங் பற்று மேலே வழவழப்பாக இருந்தால் போதாது. வேர் வரை, அதாவது இணைப்பின் அடி ஆழம் வரை, உருகிப் பிடிக்க வேண்டும். 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமான தகடுகளை முனைக்கு முனை சேர்க்கும்போது, விளிம்புகளைச் சரித்து, சுமார் 60 டிகிரிக்கு 'வி' பள்ளம் எடுத்து, சின்ன இடைவெளி விட்டுப் பற்றவைப்பது நல்லது. 'டி' வடிவ இணைப்புக்கு இருபுறமும் பற்று வேண்டும். ஒருபுறம் மட்டும் வைத்தால், தகடு அந்தப் பக்கம் சாயும்போது வேர் பிளந்துகொள்ளும்.

இப்படி மூலையில் வைக்கும் பற்றின் பக்கம் 6 மில்லிமீட்டர் என்றால், சுமை தாங்கும் கழுத்து சுமார் 4.2 மில்லிமீட்டர்தான். அழகுக்காக கிரைண்டரில் தேய்த்தால் அதுவும் குறையும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு இணைப்பையும் நேரில் பாருங்கள். அந்தக் கம்பியில் நம் பிள்ளைகள் சாய்ந்து நிற்பார்கள்.