நடைபாதையின் விளிம்பு

நகரத்துத் தெருவொன்றிலே நடைபாதை முடிந்து வீதி தொடங்கும் இடத்தில் ஒரு விளிம்புக்கல் இருக்கிறது. அதன் உயரம் ஏறக்குறைய அரையடி. கால் வலுவுள்ளவர் அதனை நோக்குவதே இல்லை. பேச்சின் நடுவே ஓரடி எடுத்து வைத்து இறங்கிவிடுகிறார். சக்கர நாற்காலியிற் செல்பவருக்கோ அந்த அரையடி ஒரு மதில். யாரேனும் தூக்கி இறக்கினாலன்றி அவர் பயணம் அவ்விடத்திலேயே முடிந்துவிடும். அதே தெருவில் வெண்பிரம்பைத் தட்டிக்கொண்டு வரும் பார்வையற்றவருக்கு அந்தக் கல்லே காவல். பிரம்பின் நுனி கல்லின் ஓரத்தைத் தாண்டிக் கீழே இறங்கும்போதுதான், இனி வாகனங்கள் ஓடும் வீதி என்பதை அவர் அறிகிறார்.

ஒருவருக்குத் தடையாக இருப்பது மற்றொருவருக்கு உயிர் காக்கும் அடையாளமாக இருக்கிறது. இருவரும் பிறர் துணையின்றி ஒரே தெருவிற் செல்ல வேண்டுமாயின் அந்தக் கல்லை என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை கண்ட கதையை அறிந்தால், பொது வழிகளுக்கு அளவு விதிகள் ஏன் வேண்டும் என்பது நேயர்களுக்குத் தெளிவாக விளங்கும்.

கல்லைச் சரித்து இறக்குதல் வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலித்த இடங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள பேர்க்கிலி நகரம். எட் ரொபேட்ஸ் என்பவர் 14ஆம் வயதில் இளம்பிள்ளை வாதத்தாற் பீடிக்கப்பட்டவர். கழுத்துக்குக் கீழே உடல் பெரும்பாலும் செயலிழந்த நிலையில், இரவில் இரும்பாலான சுவாசப் பெட்டியினுள் உறங்கியவர். அத்தகையவர் 1962ஆம் ஆண்டில் பேர்க்கிலி சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அவரைப் பின்பற்றி வேறு மாணவரும் சக்கர நாற்காலிகளில் வந்தனர். சர்வகலாசாலைக் கதவு திறந்தது; ஆனால் வெளியே தெருமூலைதோறும் விளிம்புக்கல் நின்று மறித்தது. அவர்களும் அவர்களைச் சார்ந்தோரும் நகர சபையை நாடினர். 1971ஆம் ஆண்டில், வணிகப் பகுதிகளின் வீதிகளும் நடைபாதைகளும் இத்தகையோர் செல்வதற்கு ஏற்றவாறு அமைதல் வேண்டும் என்று அந்நகர சபை தீர்மானித்தது. மூலைகளிற் சரிவுகள் எழுந்தன. அவற்றைக் கேட்டவர் சிலர். பயன் கொண்டவரோ பலர். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாயும், சரக்கு வண்டி இழுக்கும் தொழிலாளியும், கைத்தடி ஊன்றும் முதியவரும் அச்சரிவையே நாடினர்.

ஆயினும் சரிவு என்ற பெயருடன் எதையாவது அமைத்துவிட்டாற் போதுமா? செங்குத்தான சரிவில் ஏறமுயலும் நாற்காலி பின்னோக்கிச் சாயும். இறங்கும் நாற்காலி கட்டுக்கடங்காது வீதிக்குள் ஓடும். ஆகவே அளவு வேண்டியதாயிற்று. அமெரிக்க நியமத்தின்படி ஓரங்குல உயரத்துக்குக் குறைந்தது ஓரடி நீளம் வேண்டும்; அதாவது 12க்கு 1. அரையடிக் கல்லுக்கு ஆறடி நீளச் சரிவு. பாதையின் அகலம் பொதுவாக 36 அங்குலத்துக்குக் குறையலாகாது. தளத்தில் நேர்குத்தான மேடுபள்ளம் கால் அங்குலத்தை மீறலாகாது. கால் அங்குலந்தானே என்று நகைப்பவர் உண்டு. நாற்காலியின் முன்புறத்துச் சிறு சக்கரம் எழும்பி நிற்கும் கல்லில் மோதி நிற்க, அமர்ந்திருப்பவர் முன்னே தூக்கி எறியப்படும் காட்சியைக் கண்டவர் நகையார்.

இனி இரண்டாமவரை நினைத்துப் பார்ப்போம். கல் மென்சரிவாக மாறியபோது, பிரம்புக்குத் தட்டுப்பட்ட ஓரம் மறைந்துவிட்டது. நடைபாதை எது, வீதி எது என்று அறியாமலே பார்வையற்றவர் வாகனங்களின் நடுவே சென்றுவிடும் ஆபத்து உண்டாயிற்று. ஒருவருக்குச் செய்த நன்மை மற்றொருவருக்குக் கேடாய் முடிந்தது. அதனைச் செய்தவர் எவரும் தீய எண்ணம் உடையவரல்லர். தெருவை ஒரு பக்கமிருந்து மட்டும் பார்த்தவர்.

இதற்கு மருந்து யப்பானில் ஏற்கெனவே பிறந்திருந்தது. ஒக்கயாமா நகரைச் சேர்ந்த செயிச்சி மியாக்கே என்பவர், பார்வையை இழந்துவரும் நண்பர் ஒருவருக்கு உதவ எண்ணி, காலுக்கும் பிரம்புக்கும் தட்டுப்படும் புடைப்புகள் கொண்ட ஓடுகளை ஆக்கினார். 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் திகதி, அந்நகரத்துப் பார்வையற்றோர் பாடசாலைக்கு அருகிலுள்ள வீதிக் கடவையில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. பின்னர் நாளடைவில் அவை நாடெங்கும் பரவின. இன்று அவ்வோடுகளுக்கு இரண்டு மொழிகள் உண்டு: நீண்ட வரிகள் இருந்தால், இவ்வழியே செல்க, வட்டக் குமிழ்கள் இருந்தால், நின்று கவனிக்க. மஞ்சள் நிறம், பார்வை மங்கியவருக்கும் எளிதிற் புலப்படும் பொருட்டு. ஆனால் ஊருக்கு ஒரு வடிவம் பதிக்கப்பட்டதால் குழப்பம் விளைந்தது. ஓரூரில் நிற்கச் சொல்லும் ஓடு மற்றோரூரில் வேறு பொருள் தருமாயின் அதை நம்பி எங்ஙனம் நடப்பது? ஆகவே 2001ஆம் ஆண்டில் யப்பான் தேசிய நியமம் வகுத்தது. 2012ஆம் ஆண்டில் சர்வதேச நியமமும் வெளியாயிற்று.

சரிவின் அடியில், வீதி தொடங்குமுன், ஏறக்குறைய இரண்டடி அகலத்துக்குக் குமிழ் ஓடுகள். விடை இவ்வளவே. குமிழின் உயரம் ஐந்து மில்லிமீற்றர். சக்கரம் அதன்மேல் உருண்டு செல்லும், பாதமோ அதனை உணரும். தடையும் காவலுமாக நின்ற அரையடிக் கல்லின் இடத்தில், இருவருக்கும் பொதுவான இரண்டடித் தளம் கிடைத்தது. இரக்கத்தினால் மட்டும் இது விளைந்திராது. இரக்கமுள்ளவர் தம் கண்முன் நிற்பவருக்கு உதவுவர். கண்முன் இல்லாதவரை நினைவிற் கொள்வது அளவு விதி.

இலங்கையிலும் இத்தகைய விதிகள் உள்ளன. வலுவிழந்தோரின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் இடத்துக்கு வலுவிழந்தோர் செல்வதைத் தடுக்கலாகாது என்கிறது. அதன்கீழ் 2006ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளிவந்த பிரமாணங்கள் பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் பொதுச் சேவைகள் நடைபெறும் இடங்களையும் தழுவுகின்றன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த வழக்கில், 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உயர் நீதிமன்றம் கட்டளையொன்று பிறப்பித்தது. புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமைதல் வேண்டும் என்றும், மீறும் வரைபடங்களுக்கு அதிகாரிகள் அங்கீகாரம் வழங்கலாகாது என்றும் அது பணித்தது. 2016ஆம் ஆண்டில் இலங்கை, வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் ஏற்று உறுதிசெய்தது.

சட்டத்திற் குறைவில்லை, ஆனால் வழி என்பது சங்கிலி போன்றது. கண்ணியொன்று அறுந்தாற் சங்கிலி முழுவதும் பயனற்றுப் போகும். வைத்தியசாலை வாயிலில் அழகிய சரிவு இருக்கலாம்; பஸ் தரிப்பிடத்திலிருந்து அவ்வாயிலுக்கு வரும் பாதையில் வடிகாலின் மூடி ஒன்று இல்லையெனின் அச்சரிவாற் பயன் என்ன? மஞ்சள் ஓடுகளை வரிசையாய்ப் பதித்து, அவ்வரிசையை மின்கம்பத்தில் கொண்டுபோய் முடித்தால், அது வழிகாட்டியாகாது, பொய்ச்சாட்சியாகும். ஓட்டின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துபவரும், கடைச் சரக்கை நடைபாதையிற் பரப்புபவரும், தாம் ஒருவர் வழியை அறுக்கிறோம் என்பதை அறியார்.

செய்யவேண்டுவது பெரிதன்று. ஊர்தோறும் உள்ளூராட்சி மன்றத்தார், பாதையொன்றைத் திறந்து வைக்குமுன், சக்கர நாற்காலியில் உள்ளவர் ஒருவரையும் வெண்பிரம்பு ஏந்தியவர் ஒருவரையும் அழைத்து, பஸ் தரிப்பிடத்திலிருந்து வைத்தியசாலை வரையும், வீட்டிலிருந்து வாக்குச்சாவடி வரையும் துணையின்றிச் செல்லுமாறு வேண்டட்டும். அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்களோ அங்கே அளவுகோலை வைத்துப் பார்க்கட்டும். அவ்விருவரும் இடையில் நிற்காது சென்றுசேர்ந்த நாளிலேதான் அந்தப் பாதையைத் திறந்ததாகக் கொள்ளல் வேண்டும்.