வமிச வியாதியும் தேகாப்பியாசமும்



நீரிழிவைப்பற்றி நம்மவரிடையே இருவகை எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. "எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை, எனக்கு எங்ஙனம் வரும்?" என்பது ஒன்று. "பாட்டனாருக்கும் தந்தைக்கும் வந்தது, என்ன செய்யினும் வந்தே தீரும்" என்பது மற்றொன்று. இவை தம்முள் முரணாகத் தோன்றினும் முடிவு ஒன்றே. இருவரும் தேகாப்பியாசத்தைக் கைவிட்டுத் திண்ணையில் அமர்ந்துவிடுகின்றனர்.

முன்னவர், வயதும் வயிற்றுப் பருமனும் உட்கார்ந்தே செய்யும் தொழிலும் நோய்க்கு வாயிலாகும் என்பதை மறந்தார். பின்னவர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. வமிசவழி வருவது நோயன்று. நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பே. அவ்வியல்பு உடையார்க்கே முயற்சி அதிகம் வேண்டும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சர்க்கரை அளவு மிகுந்தும் நீரிழிவு என்னும் நிலையை எட்டாத 531 பேரைச் சென்னை வைத்தியர்கள் ஏறக்குறைய மூன்றாண்டுகள் கவனித்து, 2006-ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். உணவைத் திருத்தி, நாடோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கும்படி ஊக்கப்பட்டவருள் 39 பேரே உற்றனர். நடந்தவர் அனைவரும் தப்பினரல்லர். எனினும் நூற்றுக்குப் பதினாறு குடும்பங்களின் துயர் அக்காலத்தில் விலகிற்றன்றோ! உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே ஈர்த்துச் செலவிடுகின்றது. இதுவே நடையின் பயனுக்குரிய காரணங்களுள் முதன்மையானது.

அச்சமூட்டினால் மக்கள் நடப்பர் எனச் சிலர் கருதுவர். அச்சம் மட்டும் போதாது. 1950-களில் அமெரிக்க சுகாதார இலாகாவின் மனநூலார், காசநோய்ப் பரிசோதனைக்கு வருவோர் யாவரென ஆராய்ந்தனர். "எனக்கும் வரக்கூடும்", "முன்னரே அறியின் நன்மையுண்டு" என்னும் இரண்டையும் நம்பியோரே பெரும்பாலும் முன்வந்தனர். நீரிழிவுக்கும் இது பொருந்தும். பயன் உண்டென்னும் நம்பிக்கையற்ற அச்சம் மனிதனைச் சோர்விக்குமேயன்றி நடத்தாது.

ஆதலின் பெற்றோர்களே! "இது நம் வமிச வியாதி" என்று மக்களிடம் கூறி நின்றுவிடாதீர்கள். "ஆகையால் நாம் நடப்போம்" என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். கூறியவண்ணம் அவர்களுடன் நடந்தும் காட்டுங்கள். சொத்தோடு நோயச்சத்தையும் விட்டுச்செல்லும் நாம், நடக்கும் வழக்கத்தையும் விட்டுச்செல்வோமாக.