சிறுவர்க்கு நாடகம் பயிற்றுதல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஞாயிற்றுக்கிழமை நாடக வகுப்பைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். வகுப்பின் பயனைக் கூறுமுன் எங்கள் பிழையைக் கூறிவிடுதலே முறை.

சென்ற ஆண்டு விழாவில் கர்ணன் நாடகம் நடித்தோம். கர்ணனாக வந்த சிறுவன் தன் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்து நெட்டுருச் செய்திருந்தான். மேடையில் ஒரு வரி மறந்துபோயிற்று. திரைமறைவில் நின்ற நாங்கள், "முன்னால் வந்து பேசு" என்று மெல்லக் கூறினோம். அவன் அதனையும் வசனமென்றே எண்ணி, வில்லை உயர்த்தி, அர்ச்சுனனை நோக்கி, "முன்னால் வந்து பேசு!" என்று முழங்கினான். அவையே சிரித்தது. பிள்ளை இரண்டு மாதம் சங்கத்தின் பக்கமே வரவில்லை. அவனுடைய பாட்டியார் எங்களைக் கேட்டார்: "நீங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது தமிழா, வெறும் சத்தமா?"

அக்கேள்விக்கு விடை காணவே எங்கள் பயிற்சி முறையை மாற்றிக்கொண்டோம்.

நெட்டுரு நம் நாடகத்துக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அங்கே சேர்ந்த சிறுவர்கள் பாடலையும் வசனத்தையும் மனப்பாடம் செய்தே கற்றனர். ஆனால் அவர்கள் தமிழ் நடுவே வளர்ந்தவர்கள். மனப்பாடம் செய்த சொல்லின் பொருள் அவர்கள் காதில் முன்பே இருந்தது. காலனியில் வளரும் நம் பிள்ளைகளின் நிலை வேறு. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும். வீட்டில் நாம் தமிழில் கேட்டால், பாதி விடை தெலுங்கில் வருகிறது.

வழி தேடியபோது, அது நம் காலடியிலேயே கிடந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வட ஆர்க்காட்டின் பகுதிகள் இதிற் சேர்ந்தன. 1960-இல் திருத்தணி சென்னை இராஜ்யத்துக்குச் சென்றது. எல்லைக்கோடு மாறினும் திரௌபதியம்மன் திருவிழா மாறவில்லை. சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு, படுகளம் என்று இன்றும் நடக்கின்றன. கூத்தில் திரைக்குப் பின்னே வேடக்காரர் வந்து நிற்பார். கட்டியங்காரன், "யார் நீர்? எந்த நாடு? எதற்காக வந்தீர்?" என்று கேட்பான். இவ்வினா விடையைக் காட்டிலும் சிறந்த நாடகப் பாடம் வேறு உண்டோ?

ஆகவே வேட்டி ஒன்றைத் திரையாகப் பிடித்தோம். பின்னே ஒரு பிள்ளை. முன்னே ஒரு கட்டியங்காரன். கையில் ஏடு இல்லை. கேட்கும் கேள்விக்குத் தானே எண்ணி விடை கூறவேண்டும். தமிழ்ச் சொல் வாராவிடில் தெலுங்கிலேயே கூறலாம். தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் பாட்டிமார் தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுப்பர். ஆட்டம் நிற்கக்கூடாது. இதுவே சட்டம்.

வேறு பயிற்சிகளும் உண்டு. இருவர் எதிரெதிர் நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் கண்ணாடிபோல் செய்வது ஒன்று. இல்லாத குடத்தை முதலில் வெறுமையாகவும் பின்னர் நீர் நிறைந்ததாகவும் சுமந்து நடப்பது ஒன்று. "அம்மா வந்துவிட்டாள்" என்னும் ஒரே வாக்கியத்தை மகிழ்ச்சி, அச்சம், ஐயம் எனப் பல பாவங்களில் கூறுவது ஒன்று. பிள்ளைகள் மிகவும் விரும்புவது டிக்கெட் ஜன்னல் ஆட்டம்: வண்டி புறப்படும் நேரம், வரிசையில் தெலுங்கறியாத யாத்திரிகர், அவசரக்காரர், சில்லறை தேடும் கிழவி. உள்ளே இருப்பவர் எப்படிப் பேசுகிறார் என்பதை அவர்கள் நடித்துக் காட்டும்போது எங்களுக்கே சற்று வெட்கமாயிருக்கிறது!

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வயோலா ஸ்போலின் என்னும் அம்மையார், பல நாடுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளுக்கு இத்தகைய விளையாட்டுகளால் நாடகம் பயிற்றினார். தம் முறைகளை 1963-இல் நூலாகவும் வெளியிட்டார். பெயர்ந்து வந்தோர் பிள்ளைகளின் கூச்சம் எங்கும் ஒன்றே போலும்.

தெலுங்கு சூழ்ந்திருப்பதால் தமிழ் தேய்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். 1891-இல் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் நடித்தனர். அதைக் கண்டு எழுச்சி கொண்ட பம்மல் சம்பந்த முதலியார் அவ்வாண்டே சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் சிறுவரும் பெரியவரும் நாளுக்கொரு வேஷம் பூண்டு வருவதை நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் காண்கின்றனர். அவர்கள் கண்ட நாடகக் கல்வி அது. அண்டை வீட்டு விளக்கு நம் வீட்டை இருட்டாக்காது. நம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றாதிருப்பதே இருட்டு.

அச்சிறுவனின் கதையை முடிக்கவேண்டும். பாட்டியாரே அவனைக் கைபிடித்து அழைத்து வந்தார். திரைக்குப் பின்னே நின்றான்.

"யார் நீர்?"

"கர்ணன்."

"எதற்கு வந்தீர்?"

"தம்பிகளோடு சண்டை போட."

"தம்பிகள் என்று தெரிந்துமா?"

நெடுநேரம் மௌனம். பிறகு, "தெரியும். ஆனால் துரியோதனனுக்கு நான்... அப்பு..." என்று தயங்கினான்.

"கடன் என்று சொல்லடா! செஞ்சோற்றுக் கடன்!" என்றார் பாட்டியார்.

"அப்படி என்றால்?" என்று திரையை விலக்கிக் கேட்டான். அவர் கூறினார். மீண்டும் திரைக்குப் பின்னே சென்று, "எனக்குச் செஞ்சோற்றுக் கடன் இருக்கிறது" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

பெற்றோர்களே! ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை அனுப்புங்கள். பாட்டிமாரையும் உடன் அனுப்புங்கள். "என் மகனுக்கு எந்த வேஷம்?" என்று இப்போதே கேட்காதீர்கள். அடுத்த விழா நாடகத்தில் பிள்ளைகள் தாங்களே உருவாக்கிய பேச்சையே பேசுவார்கள். மேடையில் ஒரு குழந்தை சொல் தேடி நின்றுவிட்டால், சிரிக்காமல் சற்றுக் காத்திருங்கள், சொல் வரும்.