திண்டுக்கல் பெண்கள் உலகுக்கு அளித்த கொடை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மைசூரில் குடியேறி வாழும் நாம், ஆண்டு விழா தோறும் மொழியையும் கலையையும் பேசி மகிழ்கிறோம். இன்று நம் இல்லத்துப் பெண்மணிகளின் உயிர்காப்பைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

கருப்பை வாயில் தோன்றும் புற்றுநோய் ஒரே நாளில் மூண்டெழுவதன்று. ஒருவகை நச்சுக்கிருமி நெடுநாள் தங்கிவிட, அங்குள்ள திசு மெல்ல மாறி, பல ஆண்டுகளுக்குப் பின்னரே புற்றாகிறது. அவ்விடைக்காலத்தில் கண்டுகொண்டால் நோயைத் தடுத்துவிடலாம். செல்வ நாடுகள் இதற்கு ஆய்வுக்கூடங்களையும் நிபுணர்களையும் துணைகொண்டன. அவை இல்லாத சிற்றூர்கள் என் செய்யும்?

இவ்வினாவுக்குத் திண்டுக்கல் மாவட்டம் விடையளித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமாக 1965-இல் நிறுவப்பெற்று, பிரான்சு தேசத்து லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ நிலையத்தோடும் நம் நாட்டு மருத்துவர்களோடும் 2000-இல் கைகோத்தது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கான ஆய்வு அது. நீர்த்த காடியைத் தடவிச் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தால், மாறிய திசு வெளுத்துத் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே அதைச் செய்தனர். மாற்றம் கண்ட இடத்தைக் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சையும் உடன் அளிக்கப்பெற்றது.

முடிவு 2007-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒப்பிடுவதற்கென இருந்த ஊர்களில் வழக்கமான மருத்துவமே நடைபெற்றது. அங்கே மாண்டோர் மிகுதி. இவ்வறிவுக்குக் கொடுத்த விலை அது. இருதிறத்துப் பெண்களுக்கும் உலகம் கடன்பட்டுள்ளது.

2020-இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்கு மூன்று இலக்குகளை வகுத்தது. 2030-க்குள், 15 வயது நிறைவதற்கு முன் 90 விழுக்காடு சிறுமியருக்குத் தடுப்பூசி. 35 வயதிலும் 45 வயதிலுமாக 70 விழுக்காடு பெண்களுக்குப் பரிசோதனை. நோய் காணப்பெற்றவருள் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. கிருமியையே நேரில் கண்டறியும் நுண்ணிய பரிசோதனையும் இன்று வந்துவிட்டது.

அன்பர்களே! லியோனிலிருந்து அம்பிளிக்கை வரை வந்த அறிவு நம் வாசற்படியில் நின்றுவிடலாகாது. வெள்ளைப்படுதல், அகாலத்தில் உதிரப்போக்கு ஆகியவற்றை நாணத்தால் மறைத்து, வீட்டு வேலையின் நடுவே நாளைக் கடத்தும் தாய்மார் நம்மிடையே உளர். அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், முப்பதைக் கடந்த பெண்மணிகள் மருத்துவரை அணுகுதல் வேண்டும். உடன் அழைத்துச் செல்வது கணவன்மாரின், மைந்தர்களின் கடமை. ஊர்பேர் தெரியாத அக்கிராமப் பெண்கள் கூச்சத்தை ஒதுக்கி முன்வந்தனர். அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, நாமும் அவ்வாறே முன்வருவதுதான்.