கோட்டுக்கு இரண்டு பக்கமும்

(நம் சமுதாயக் கூடத்தில் ‘சம்சாரம் அது மின்சாரம்’ திரையிட்ட மாலை, படம் முடிந்ததும் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பேச்சு முடிந்த பிறகுதான் பஜ்ஜி என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

1986-ல் ஏவி.எம். தயாரிப்பில் விசு எழுதி இயக்கிய படம் இது. அம்மையப்ப முதலியாராக நடித்ததும் அவரே. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. நம்மில் பாதிப் பேர் இதைத் தியேட்டரிலேயே பார்த்திருப்போம். இன்றைக்குப் பின் வரிசையில் இருந்த பிள்ளைகளும் மனோரமா வாயைத் திறக்கும்போதெல்லாம் சிரித்தார்கள். கண்ணம்மா அந்த வீட்டில் வேலை செய்பவர். ஆனால் வீட்டுக்காரர்கள் பேச முடியாததை எல்லாம் அவர்தான் பேசுகிறார்.

கூட்டுக் குடும்பத்தின் பெருமையைச் சொல்லும் படம் என்று இதைப் பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முடிவை இன்று இன்னொரு முறை கவனித்தீர்களா? எல்லாச் சிக்கலும் தீர்ந்து, நடுவீட்டில் போட்ட கோட்டை அழித்துவிடலாம் என்று அப்பா நினைக்கிறார். மூத்த மருமகள் உமா, லட்சுமி நடித்த பாத்திரம், வேண்டாம் என்கிறாள். தனித்தனியாக இருப்போம், அவ்வப்போது சந்தித்துச் சந்தோஷமாகப் பேசிக்கொள்வோம் என்பதுதான் அவள் சொல்லும் வழி. ஒட்டியதை மறுபடி உடைத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

ரகுவரன் நடித்த மூத்த மகன் சிதம்பரத்தை எல்லோரும் திட்டுவோம். மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், அந்தச் செலவு குறைகிறதே என்று வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கிறவன் அவன். அவன் போட்ட கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை கிடையாது. அந்தக் கணக்கை வைத்த இடம்தான் பிழை. அப்பாவும் மகனும் நேருக்கு நேர் நின்று வார்த்தையை விடும்போது, ‘சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்லக்கூடிய உமா அந்த வீட்டில் இல்லை. அவள் குழந்தையோடு திரும்பி வரும்போது வீடு இரண்டாகியிருக்கிறது.

இதை நான் பேச ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. அப்பாவின் கடைசி ஆறு மாதச் செலவை யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அண்ணன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே அந்த நோட்டை எடுத்து வைத்தார். தம்பி சாப்பிடாமல் எழுந்து போனான். நான்கு வருடம் இருவருக்கும் பேச்சில்லை. தீபாவளிக்கு அம்மா இரண்டு டப்பாவில் பலகாரம் கட்டுவாள். இரண்டு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

நான் செய்த தவறு என்ன தெரியுமா? மறுபடி எல்லோரையும் ஒரே வீட்டில், ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று பாடுபட்டேன். ஒவ்வொரு முறையும் பழைய நோட்டு வெளியே வந்தது. அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோதுதான் அந்த முயற்சியை விட்டேன். இருவரிடமும் தனித்தனியாக ஒன்றுதான் சொன்னேன்: “பணத்தைப் பற்றி என்னிடம் மட்டும் பேசுங்கள். அம்மாவிடம் வந்தால் அம்மாவைப் பற்றி மட்டும் பேசுங்கள்.” அண்ணன் காலையில் வந்தார், தம்பி மாலையில் வந்தான். ஒரு நாள் மழையில் தம்பி சீக்கிரம் வந்துவிட்டான். அண்ணன் கிளம்பவில்லை. பிளாஸ்கில் இருந்த காபியை இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். உள்ளே கிரிக்கெட் பேச்சு கேட்டது. எனக்கு அது போதும்.

இன்றும் அவர்கள் ஒட்டி உறவாடுவதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் சாப்பிடுகிறார்கள். நோட்டு என் பீரோவில் இருக்கிறது.

நம் குடியிருப்பில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பெற்றோர் நிறையப் பேர் உண்டு. பிள்ளைகளுக்குள் கணக்கு வரும். வரட்டும், நாமே முன்கூட்டி எழுதி வைத்துவிடலாம். அதை விசேஷ வீட்டில், பத்துப் பேர் முன்னால் மட்டும் திறக்க வேண்டாம். இன்னொன்று, உங்கள் வீட்டில் உமா யாரோ, அவளிடம் “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று ஒரு முறை கேளுங்கள். படத்தில் அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இன்று இரவு அண்ணனுக்கோ தங்கைக்கோ ஒரு போன் போடுங்கள். பேச விஷயம் இல்லையென்றால், இந்தப் படம் பார்த்தேன் என்று சொல்லுங்கள். கண்ணம்மா ஞாபகம் வந்து அவர்களே சிரிப்பார்கள்.

பஜ்ஜி ஆறுகிறது.